சாவி இருப்பவரே உரிமையாளர்

கண்ணாடிக்கடைக்காரர் செய்த ஒரே தப்பு, உண்மையைச் சொன்னதுதான். அவருடைய மோட்டார் சைக்கிளின் ரிமோட் சாவி தொலைந்துபோயிற்று. அதை வெளியே சொல்லாமல் நாலு நாள் பஸ்ஸில் கடைக்குப் போய்வந்திருந்தால் ஒரு கேடும் வந்திருக்காது. வண்டி பாட்டுக்கு வீட்டு முற்றத்தில் பரம சாதுவாக நின்றுகொண்டிருந்தது. ஆனால் அவர் ஒழுங்கு பிசகாத மனிதர். ஊரார் கண்ணுக்குப் பார்வை அளந்து, மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டு, "இப்பத் தெளிவாத் தெரியுதா?" என்று கேட்டுக் கேட்டுப் பழகியவர். எதிலும் தெளிவு வேண்டும் அவருக்கு. காலையில் முதல் வேலையாகக் கம்பெனியின் பாதுகாப்பு மையத்துக்குப் போன் செய்து, சாவி தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்.

மறுமுனையில் இருந்த பெண்குரல் அவருடைய நேர்மையை மனதாரப் பாராட்டியது. பாராட்டிய கையோடு, இருந்த இடத்திலிருந்தே எதையோ அமுக்கி, வண்டியை 'உச்சப் பாதுகாப்பு நிலை'க்கு ஏற்றிவிட்டது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை அங்கேதான் ஆரம்பம்.

வண்டி அலறியது. ஒரு அலறல் முடிந்து, ஓய்ந்தது என்று எல்லாரும் மூச்சு விடும்போது அடுத்தது. இடைவெளிக்கு ஒரு கணக்கும் கிடையாது. திருடன் எப்போது வருவான் என்று யாருக்கும் தெரியாதாம். ஆகவே அலாரம் எப்போது அடிக்கும் என்றும் யாருக்கும் தெரியக்கூடாதாம். மறுபடி போன் செய்து கேட்டபோது பெண்குரல் அப்படித்தான் விளக்கியது.

தெருவில் ஒரு மெக்கானிக் இருந்தார். அவரைக் கூட்டிவந்து காட்டினார். மெக்கானிக் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, தொடாமலே கையெடுத்துக் கும்பிட்டார். "பேட்டரி சீட்டுக்கு அடியில இருக்கு சார். சீட்டு ரிமோட் இருந்தாத்தான் தெறக்கும். ஒயரை வெட்டினா வண்டி செத்துடும். ஆனா அலாரம் சாகாது. அதுக்குத் தனி பேட்டரி வச்சிருக்கான்." சரி, தூக்கி வெளியே வைத்துவிடலாம் என்று நாலு பேர் கை வைத்தார்கள். அது வரைக்கும் கத்தியது வெறும் ஒத்திகைதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

இதில் சிரிக்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. கண்ணாடிக்கடைக்காரரும் நிறைமாதமாக இருக்கும் அவர் மனைவியும் குடியிருந்தது மாடியில். கீழே வீட்டுக்காரம்மாவும் அவர் கணவரும். அந்தப் பெரியவர் இதயத்தில் அறுவைச் சிகிச்சை முடிந்து, இப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார். திடுக்கிடும்படி எதுவும் கூடாது, கதவைக்கூட மெதுவாகச் சாத்துங்கள் என்பது டாக்டர் உத்தரவு. அவர் படுத்திருந்த அறையின் ஜன்னல் முற்றத்தைப் பார்த்தது. ஜன்னலுக்கு நேர் கீழே வண்டி.

வீட்டுக்காரம்மா மாடிப்படி ஏறி வந்தார். சண்டை போட வந்தவர் இல்லை, கண் கலங்கியிருந்தது. "தம்பி, உங்கமேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. ஆனா ஒவ்வொரு தடவையும் அவருக்குத் தூக்கிவாரிப் போடுது. இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள ஒண்ணு அது வாயை மூடணும், இல்ல நீங்க மூட்டை கட்டணும். எனக்கு அவர் உசிரு வேணும்."

"இந்த நேரத்துல நாங்க எங்கம்மா போவோம்?" என்றாள் மனைவி, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு.

"அதைத்தான் நானும் யோசிச்சு யோசிச்சு அழறேன்," என்றார் வீட்டுக்காரம்மா. கீழே வண்டி மறுபடி அலறியது. கண்ணாடிக்கடைக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு பாதுகாப்பு மையத்துக்கு ஓடினார்.

மையத்தின் வாசல் முழுக்கக் கண்ணாடி. பக்கத்தில் ஒரு சிறிய தட்டு. உரிமையாளர்கள் தங்கள் சாவியை அந்தத் தட்டில் வைத்தால் கதவு தானாகத் திறக்கும். உள்ளே நிற்கும் பெண் 'வருக' என்று சொல்லிக் குளிர்பானம் கொடுப்பாள். வண்டி வாங்கிய அன்று அவருக்கும் கொடுத்தார்கள். அன்று அவரை ஒரு எடைமேடையில் நிறுத்தி எடை பார்த்தார்கள், வண்டியோடு நிறுத்திப் படம் எடுத்தார்கள், பிறகு தனியறைக்குக் கூட்டிப்போய் ரகசிய எண்ணைக் காதோடு காதாகச் சொன்னார்கள். இன்று தட்டில் வைக்க அவரிடம் கைக்குட்டைதான் இருந்தது. காவலாளி பரிதாபமாகப் பார்த்து, "சாவி இல்லாதவங்க பின்பக்கம் வரணும் சார்," என்றார். பின்பக்கம் ஜெனரேட்டரைத் தாண்டி, குப்பைத்தொட்டியைத் தாண்டி ஒரு தகரக் கதவு. உள்ளே ஒரு பெஞ்சு. பெஞ்சுக்கு மேலே 'அடையாளம் உறுதி செய்யப்படாதோர்' என்று எழுதியிருந்தது.

அழைப்பு வந்து உள்ளே போனார். பாதுகாப்பு அலுவலர் நல்ல களையான மனிதர். பேச்சில் தேன் சொட்டியது. "உக்காருங்க. உங்க கஷ்டம் எனக்கு நல்லாப் புரியுது. நீங்க யாரு?"

"நான்தான் சார் வண்டிக்குச் சொந்தக்காரன். இதோ என் அடையாள அட்டை. உங்க பின்னாடி சுவத்துலயே என் படம் மாட்டியிருக்கு பாருங்க."

உண்மைதான். 'பெருமைமிகு உரிமையாளர்கள்' வரிசையில் மூன்றாவது படத்தில் கண்ணாடிக்கடைக்காரர் வண்டியின் மேல் கை வைத்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். அலுவலர் திரும்பிப் படத்தைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"ஒரு சின்ன வித்தியாசம் இருக்கே. அவர் கையில சாவி இருக்கு. உங்க கையில இல்ல."

"அதைத் தொலைச்சதுனாலதானே சார் வந்திருக்கேன்!"

"கோபப்படாதீங்க. ஒரு நிமிஷம் எங்க இடத்துல இருந்து யோசிச்சுப் பாருங்க," என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார் அலுவலர். "ஒரு வண்டியத் திருடணும்னு நெனைக்கிறவன்கிட்ட என்ன இருக்காது? சாவி இருக்காது. அவன் எங்ககிட்ட வந்து என்ன கேப்பான்? சாவி கேப்பான். நீங்களும் சாவி இல்லாம வந்து சாவி கேக்கறீங்க. உங்களத் திருடன்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா திருடனுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்னு நீங்கதான் எனக்குச் சொல்லணும்."

"முகத்தைப் பாத்தாத் தெரியாதா சார்?"

"முகமா? மனுஷன் தாடி வைப்பான், எடுப்பான், கண்ணாடி மாத்துவான். முகம் மாறும் சார். சாவி மாறாது. அதனாலதான் எங்க கம்பெனி ஆரம்பத்துலேர்ந்தே மனுஷங்கள நம்பறதில்ல. எங்களுக்கு இதுவரைக்கும் ஒரு வண்டிகூடத் திருட்டுப் போனதில்ல தெரியுமா? போன எல்லா வண்டியும் சாவியோடதான் போயிருக்கு. சாவியோட போனா அது திருட்டுல சேராது."

கண்ணாடிக்கடைக்காரருக்கு இதில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள். "என்னங்க, மறுபடி கத்திடுச்சு. கீழ அய்யா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டார். வீட்டுக்காரம்மா மேல வந்து நம்ம பெட்டியெல்லாம் எங்க இருக்குன்னு கேக்கறாங்க." குரலுக்குப் பின்னால் வண்டியின் ஓலம் கேட்டது. அலுவலருக்கும் கேட்டது. அவர் முகம் மலர்ந்தது.

"என்ன துல்லியமா வேலை செய்யுது பாத்தீங்களா?" என்றார்.

"சார், அங்க ஒரு உசிரு துடிக்குது. அந்தச் சத்தத்தை மட்டும் நிறுத்துங்க. வண்டியே வேணாம்னாலும் சரி."

"நிறுத்தலாமே. ரகசிய எண் ஞாபகம் இருக்கா?"

அடடா, இதை முதலிலேயே கேட்டிருக்கக் கூடாதா! கண்ணாடிக்கடைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எண் அவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வரும். எங்கும் எழுதிவைக்கக் கூடாது என்று சொன்னதால், தினமும் பல் தேய்க்கும்போது மனதுக்குள் ஒருமுறை ஒப்பித்து வைத்திருந்தார். நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு இலக்கம் பிசகாமல் மளமளவென்று சொல்லிமுடித்தார்.

அலுவலர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"சொல்லிட்டீங்களே," என்றார் மெல்ல.

"நீங்கதானே சார் கேட்டீங்க?"

"கேக்கறது என் கடமை. சொல்லாம இருக்கறது உங்க கடமை. யார் கேட்டாலும், எந்தச் சூழ்நிலையிலும், கம்பெனி ஊழியரே கேட்டாலும் சொல்ல மாட்டேன்னு அன்னைக்கு உறுதிமொழி எடுத்தீங்களா இல்லையா? உண்மையான உரிமையாளரா இருந்திருந்தா, 'சொல்ல மாட்டேன், போய்யா'ன்னு என்னைத் திட்டியிருப்பார். நானும் எந்திரிச்சு நின்னு கைகுலுக்கியிருப்பேன்." அலுவலர் கணினியில் எதையோ தட்டினார். "ரகசியம் வெளிய போயிடுச்சு. அந்த எண்ணை ரத்து பண்ணிட்டேன். உங்களச் சந்தேக நபர்னு பதிவு பண்ண வேண்டியதாப் போச்சு. தப்பா நெனைக்காதீங்க, பெஞ்சு அதேதான்."

வெளியே வந்து பெஞ்சில் விழுந்தார் கண்ணாடிக்கடைக்காரர். இந்த மாதத்தில் எந்த வீட்டுக்காரர் நிறைமாதக் கர்ப்பிணியோடு வருகிற குடித்தனத்துக்கு வீடு கொடுப்பார்? அதைவிட, அந்தப் பெரியவருக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால்? தினமும் காலையில் ஜன்னல் வழியாகக் கையசைக்கிற மனிதர். வண்டி ஆசையில் ஒரு ஆளைக் கொன்றுவிட்டோம் என்று ஆயுசுக்கும் உறுத்துமே என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது, பெஞ்சிலிருந்து நேராகத் தெரிந்த முன்வாசலில் ஏதோ மங்கல ஓசை கேட்டது. யாரோ தட்டில் சாவி வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக் கதவு அகலத் திறந்தது. 'வருக' என்றது பெண்குரல். ஊழியர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கையில் குளிர்பானத்தைத் திணித்தார்கள். நடுவில் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றவர், கண்ணாடிக்கடைக்காரர் நேற்றுச் சாயங்காலம் வீட்டிலிருந்து நடந்தே போய் முடி வெட்டிக்கொண்ட சலூன்காரர்.

"அய்யய்யோ, எனக்கு எதுக்குங்க இதெல்லாம்? நாற்காலி இடுக்குல இந்தச் சாவி கெடந்துச்சு. யாருதுன்னு தெரியல. பின்னாடி உங்க விலாசம் போட்டிருந்துச்சு, அதான் குடுத்துட்டுப் போலாம்னு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பெஞ்சைப் பார்த்துவிட்டார். "அண்ணே! உங்க சாவிதானா இது? நல்லதாப் போச்சு. இந்தாங்க, பிடிங்க!"

கண்ணாடிக்கடைக்காரர் பாய்ந்து எழுந்தார். சாவிக்கும் அவர் கைக்கும் நடுவில் அலுவலரின் கை வந்து நின்றது.

"உரிமையாளர் அவர்களே, கொஞ்சம் பொறுங்க," என்றார் அலுவலர் சலூன்காரரைப் பார்த்து. "இவர் சந்தேக நபர். இவர்கிட்ட உங்க சாவியக் குடுத்தா அது ஒப்பந்த மீறல்."

"யாரு உரிமையாளர்? எனக்கு வண்டி ஓட்டவே தெரியாதுங்க!"

"வண்டி ஓட்டறதுக்கும் உரிமைக்கும் சம்பந்தம் இல்லீங்க. சாவி இருப்பவரே உரிமையாளர். அதான் எங்க அடிப்படைக் கொள்கை."

"அட, இது இவர் வண்டிங்க! தெனமும் என் கடை வழியாத்தான் போவார். நேத்துகூட கிருதாவைக் கொஞ்சம் குறைன்னு சொல்லி..."

"உங்க நல்ல மனசு புரியுது. ஆனா திருடனுக்குப் பரிஞ்சு பேசற உரிமையாளர்களையும் நாங்க பாத்திருக்கோம்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இதுதான். கண்ணாடிக்கடைக்காரரின் போன் மறுபடி அடித்தது. மனைவி இந்தத் தடவை கத்தவில்லை, மெதுவாகப் பேசினாள். அதுதான் பயமாக இருந்தது. "டாக்டர் வந்துக்கிட்டிருக்கார். அய்யாவுக்கு வேர்த்துக் கொட்டுது. வீட்டுக்காரம்மா நம்ம பெட்டியை வாசப்படியில கொண்டுவந்து வச்சுட்டாங்க. நான் அதுமேலயே உக்காந்திருக்கேன். சீக்கிரம் வாங்க."

போனை வைத்தார். ஒரு முடிவுக்கு வந்தார். சலூன்காரரின் கண்ணை நேராகப் பார்த்து, "தம்பி, சார் சொல்றதுதான் சரி. அது உங்க வண்டிதான். மறுக்காம வாங்கிக்கங்க," என்றார்.

சலூன்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். நாளெல்லாம் நாலு பேர் தலையைப் பிடித்துத் திருப்புகிற மனிதருக்கு முகக்குறிப்பு தெரியாதா? "ஆமாங்க," என்றார் அலுவலரிடம். "இப்பத்தான் ஞாபகம் வருது. என் வண்டிதான்."

அதன் பிறகு எல்லாம் எவ்வளவு சுலபமாக நடந்தது என்கிறீர்கள்! சலூன்காரரை எடைமேடையில் நிறுத்தினார்கள். படம் எடுத்தார்கள். ரகசிய எண் மறந்துவிட்டது என்று அவர் சொன்னதும், "அதுக்கென்ன, உரிமையாளர்களுக்கு மறக்கறது சகஜம்," என்று தனியறைக்குக் கூட்டிப்போய்ப் புது எண்ணைக் காதில் ஓதினார்கள். உயிரே போனாலும் யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்கு வாங்கினார்கள். சுவரில் மூன்றாவது படத்தைக் கழற்றினார்கள்.

"அவரை என்ன செய்வீங்க?" என்று கழற்றிய படத்தைக் காட்டிக் கேட்டார் கண்ணாடிக்கடைக்காரர். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சாவியத் தொலைச்சவர் எங்க பார்வையில காலமானவர் மாதிரிதான்," என்றார் அலுவலர், உண்மையான வருத்தத்தோடு. அலாரத்தை இங்கிருந்தே நிறுத்திவிடுங்கள் என்று சலூன்காரர் கெஞ்சியதற்கு மட்டும் முடியாது என்று தலையாட்டிவிட்டார். இங்கிருந்து ஏற்றத்தான் முடியுமாம். இறக்குவது என்றால் உரிமையாளரே வண்டிக்கு எதிரில் போய் நின்று இறக்க வேண்டுமாம்.

இரண்டு பேரும் ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். தெரு முனை திரும்பியபோது ஒரு சத்தமும் இல்லை. காலையிலிருந்து அந்தச் சத்தம் நிற்காதா என்று தவித்தவர், இப்போது சத்தம் இல்லை என்றதும் இன்னும் வேகமாக ஓடினார். வீட்டு வாசலில் டாக்டரின் கார் நின்றது. மனைவி பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்குள் டாக்டர் குனிந்திருப்பது தெரிந்தது. கட்டிலில் பெரியவரின் கை மட்டும் தெரிந்தது, அது அசையவில்லை.

அந்த நேரத்தில் வண்டி அலறியது.

கட்டிலில் இருந்த கை வெடுக்கென்று துள்ளியது. "அமுக்குங்க தம்பி!" என்று கத்தினார் கண்ணாடிக்கடைக்காரர். சலூன்காரர் சாவியை நீட்டி அமுக்கினார். வண்டியின் திரை ரகசிய எண்ணைக் கேட்டது. சத்தியம் செய்த மனிதராயிற்றே, கண்ணாடிக்கடைக்காரரை "அந்தப் பக்கம் திரும்புங்கண்ணே" என்று திருப்பி நிறுத்திவிட்டு, ஒற்றை விரலால் ஒவ்வொரு இலக்கமாகத் தட்டினார். ஒன்று பிசகி, முதலிலிருந்து மறுபடி தட்டினார்.

அலறல் நின்றது. எதிர்வீட்டில் யாரோ பாத்திரம் கழுவுவது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஜன்னலுக்குள்ளிருந்து பெரியவரின் குரல் வந்தது. தண்ணீர் கேட்டார்.

டாக்டர் வெளியே வந்து, பயமில்லை, இனி ஒரு சத்தமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்காரம்மா வந்து, மனைவியைக் கையைப் பிடித்து எழுப்பி, பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார். கண்ணாடிக்கடைக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். வெட்கப்படவில்லை.

சலூன்காரரின் போன் அடித்தது. பாதுகாப்பு அலுவலர்.

"உரிமையாளர் அவர்களே, ஒரு அவசரம். உங்க வண்டி இப்ப சந்தேக நபரோட வீட்டு முற்றத்துல நிக்கறதா எங்களுக்குக் காட்டுது. உச்சப் பாதுகாப்பு நிலைக்கு ஏத்திடட்டுமா?"

"வேணாம்!" என்று இரண்டு பேரும் சேர்ந்து கத்தினார்கள். மாடிப்படியில் வீட்டுக்காரம்மா பெட்டியோடு நின்றுவிட்டார்.

"அப்ப உடனே அங்கேர்ந்து எடுத்துடுங்க. இன்னொண்ணு, அந்த ஆள் ஓட்டறேன்னு சொன்னா நம்பி விட்றாதீங்க. அவர் எடை எங்ககிட்ட இருக்கு. அவர் சீட்டுல உக்காந்தா தானா அடிக்க ஆரம்பிச்சிடும்."

சலூன்காரர் போனை வைத்துவிட்டுக் கண்ணாடிக்கடைக்காரரைப் பார்த்தார். "எனக்கு ஓட்டத் தெரியாதேண்ணே."

ஆசை ஆசையாய் வாங்கிய வண்டி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் மேலே மனைவி ஜன்னலோரம் தலை சாய்த்துக் கண்ணை மூடுவது தெரிந்தது. அவர் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வண்டியின் பின்னால் போய்க் கை வைத்தார். "நீங்க ஹேண்டில் பிடிங்க தம்பி. உங்க கடையிலயே நிக்கட்டும்."

மாலை வெளிச்சத்தில் இரண்டு பேரும் அந்தப் பெரிய வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மேட்டில் மூச்சு வாங்கியது. கடைத்தெருவில் டயர்க் கடைக்காரர் ஒருவர் இவர்களைப் பார்த்து எழுந்து வந்தார்.

"என்னங்க, பெட்ரோல் தீந்துபோச்சா?"

"டேங்க் நெறைய இருக்கு," என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

"பஞ்சரா?"

"இல்லீங்க. வண்டியில ஒரு குறையும் இல்ல."

"அப்ப சாவி தொலைஞ்சுபோச்சாக்கும்?"

சலூன்காரர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினார்.

டயர்க் கடைக்காரர் சாவியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்த இரண்டு முகங்களையும் பார்த்தார். "பின்ன எதுக்குய்யா தள்றீங்க?"

கண்ணாடிக்கடைக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பாதுகாப்புக்காகங்க," என்றார்.